படம் பிடிக்கப் புறப்பட்டவர்

நமது வறண்ட சீமையில் ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்னால் சற்று வசதியுள்ள எந்த வீட்டுக் கூடத்தில் நுழைந்தாலும் சுவரிலே ஒரு போட்டோவைக் காணலாம். அநேகமாக அது கலியாணப் படமாக இருக்கும். அல்லது வீட்டுத் தாத்தா நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலின்மேல் விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி நம்மைப் பார்ப்பதாக இருக்கும். பக்கத்தில் முக்காலியின்மேல் ஒரு பூஜாடி. பின்னால் தொங்கும் திரைச்சீலையில் பூந்தோட்டமும் நீர்வீழ்ச்சியும் தீட்டியிருக்கும். குடிதண்ணீருக்காகக் குடத்தை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்த மனிதர்கள், ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் அருவிக்கரையில் அமர்ந்துவிட்டார்கள்! அவர்களுக்கும் அந்த அருவிதான் பிடித்திருந்தது. தாங்கள் உழுத கரிசல் காடும், குளித்த கண்மாய்க் கரையும் படத்தில் இடம்பெறத் தகுதி உடையவை என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் மல்லிகைச் சரம் தொடுக்கும் அம்மாளின் மடியிலும், திருச்சுழி பஸ்ஸில் படிக்கட்டோரம் நிற்கும் மாணவனின் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. பிலிம் வாங்க வேண்டாம், இருட்டறை வேண்டாம், படம் கழுவி வரும்வரையில் காத்திருக்கவும் வேண்டாம். 1900-ஆம் ஆண்டில் கோடக் கம்பெனியார் ‘பிரௌனி’ என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியபோது, இனிக் குழந்தைகளும் படம் பிடிக்கலாம் என்று உலகம் வியந்தது. அந்த வியப்பு இப்போது நம்முடைய வீட்டுத் திண்ணை வரையில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயினும், கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. வீணை வைத்திருப்பவர் எல்லோரும் வைணிகர் ஆகிவிடுவதில்லை. அதுபோலவே, காமிரா வைத்திருப்பவருக்கும் படம் பிடிக்கத் தெரிந்தவருக்கும் நடுவிலே ஒரு தூரம் உண்டு. பொழுதுபோக்காகக் காமிராவைக் கையில் எடுத்த ஒருவர் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறார்? இந்த வாரம் இதைப்பற்றிச் சிறிது ஆலோசிக்க விரும்புகிறேன்.

“நாலு ஊர் சுற்றினால் தானாக வந்துவிடும்” என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. இது பாதி உண்மை. மற்றப் பாதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் அழைத்துச் சென்று திரும்பிய உபாத்தியாயர்கள் அறிவார்கள். இராமேசுவரம் போய்வந்த ஒரு வகுப்புப் பிள்ளைகளின் படங்களை வரிசையாகப் பாருங்கள். பிரகாரத்துத் தூண்களைக் காணோம். தூண்களை மறைத்துக்கொண்டு நிற்கும் முகங்களே இருக்கின்றன. பாம்பன் பாலம் இரண்டு தோள்களுக்கு நடுவே ஒரு கோடு. கடலோ, யாரோ ஒருவருடைய காதுக்கு மேலே நீலமாக ஒரு துண்டு! ‘நான் இங்கே வந்தேன்’ என்று அந்தப் படங்கள் சாட்சி சொல்லுகின்றன. ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்டாலோ, அவற்றினிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. காசிக்குப் போய்வரும் பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

இது முதற்படி. இரண்டாம் படியில், படம் பிடிப்பவர் தம் முகத்தை விட்டுவிட்டு விநோதங்களைத் தேடுகிறார். ஒட்டகம், உயர்ந்த கோபுரம், சடாமுடிச் சாமியார், சூரியாஸ்தமனம் ஆகியவை அகப்படுகின்றன. படங்கள் அழகாகவே இருக்கும். ஆனால் ஒருவர் எடுத்ததற்கும் மற்றொருவர் எடுத்ததற்கும் வேற்றுமை இராது. மூன்றாம் படி ஒன்று இருக்கிறது. அதை எட்டுகிறவர்கள் சிலரே. ‘எனக்கு எது நன்றாயிருக்கிறது?’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த மனிதர் யார், இந்த இடம் எது, இதை யார் பார்க்க வேண்டும்?’ என்று கேட்கத் தொடங்கும் நிலை அது. பிரயாணம் ஒருவரை அங்கே கொண்டு சேர்க்குமானால், பஸ் கட்டணம் வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. 1910-ல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தார்கள். 1985-ல் அது பிரிக்கப்படும் வரையில் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதில்தான் இருந்தன. காரைக்குடியை அடுத்த கோட்டையூரும் அதில்தான் இருந்தது. அந்தக் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர் ஸ்ரீ ஏ. கே. செட்டியார். அவருடைய முழுப்பெயர் கருப்பன் செட்டியார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற பெயரில் அவர் எழுதிய பிரயாண நூல் பிற்காலத்தில் அவருக்கே பட்டப் பெயராகிவிட்டது.

மழை பொய்க்கும் பூமியில் பிறந்தவர்களுக்குப் பிரயாணம் என்பது உல்லாசமாக வாய்ப்பதன்று. விளைச்சல் போதாதபோது நமது ஜனங்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாய்க்கும் கப்பல் ஏறினார்கள். செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போனார்கள். மற்றவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். இளைஞரான செட்டியாரும் இரங்கூனுக்குப் போனார். ஆனால் அவர் நடத்தியது வட்டிக்கடை அன்று. ‘தனவணிகன்’ என்னும் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பின்னர் ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோ நகரில் போட்டோக் கலையைப் பயின்றார். அங்கிருந்து அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலும் அதே கலையைக் கற்றார். இவ்வளவு கற்றவர் ஊர் திரும்பி ஒரு ஸ்டூடியோ திறந்து, திரைச்சீலையில் அருவி எழுதி வைத்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். வேறொன்று நடந்தது.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து செல்லும் கப்பலில் அவர் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த தினம். மகாத்மாவின் வாழ்க்கையை ஒரு சினிமாப் படமாகத் தொகுக்க வேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில் அவருக்கு உதித்தது. கதைப்படமன்று, நடிகர்கள் இல்லாத, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே காட்டும் படம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை. தேசமோ இன்னும் அன்னிய ஆட்சியில் இருந்தது.

இந்த இடத்தில்தான் நம்முடைய விஷயத்துக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. இரண்டு தேசங்களில் காமிரா வித்தை கற்ற இளைஞருக்கு இயல்பாக என்ன தோன்றும்? ‘நான் போய் மகாத்மாவைப் படம் எடுப்பேன், என் படத்தை உலகம் பார்க்கும்’ என்றுதானே தோன்றும்? செட்டியார் அப்படி எண்ணவில்லை. காந்தியடிகளின் வாழ்க்கை ஒரு காமிராவுக்குள் அடங்குவதன்று என்பதை உணர்ந்தார். தென்னாப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் முப்பது ஆண்டுகளாகப் பலர் எடுத்து, பல கம்பெனிகளின் அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்த படச் சுருள்களைத் தேடிப் புறப்பட்டார். மூன்று ஆண்டுகள், நான்கு கண்டங்கள், சுமார் ஒரு லட்சம் மைல். ஏறக்குறைய நூறு காமிராக்காரர்கள் எடுத்திருந்த சுருள்களிலிருந்து ஐம்பதினாயிரம் அடி பிலிம் சேர்ந்தது.

ஐம்பதினாயிரம் அடி என்றால் எவ்வளவு? பேசும் படத்தின் வேகத்தில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆகவே, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பார்க்கக்கூடிய படம் அவர் கையில் இருந்தது. அதை வெட்டித் தொகுத்துச் சுமார் 12,000 அடியாக்கினார். அதாவது இரண்டே கால் மணி நேரம். அரும்பாடுபட்டுச் சேர்த்ததில் முக்கால் பங்குக்கு மேல் விலக்கிவிட்டார்! ஒரு சுற்றுலாவில் எடுத்த முந்நூறு படங்களையும் ஒன்றுவிடாமல் உறவினருக்கு அனுப்பிவைக்கும் நாம், இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எதை எடுப்பது என்று அறிவது பாதி வித்தை. எதை விடுவது என்று அறிவது மற்றப் பாதி.

படம் 1940-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் தமிழ் விளக்கவுரையுடன் திரையிடப்பட்டது. பின்னர் தெலுங்கிலும் வந்தது. 1947-ல் சுதந்திரம் பிறக்கும் வேளையில் புது டில்லியில் ஹிந்தி விளக்கத்துடன் காட்டப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் தயாராயிற்று. உலகம் முழுவதும் இன்று காந்தி என்றதும் நினைவுக்கு வரும் அந்த அரையாடை உருவம், 1921 செப்டம்பர் 22-ந் தேதி நமக்கு அண்டையிலுள்ள மதுரையில் மேற்கொள்ளப்பட்டது என்பதை நேயர்கள் அறிவார்கள். அந்த உருவத்தின் வரலாற்றைத் திரையில் தொகுத்தவரும் இந்தப் பக்கத்து மனிதரே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியல்லவா?

பெருமையோடு ஒரு துயரமும் கலந்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டுத் தொகுத்த அந்த முதல் தமிழ்ப் படத்தின் பிரதி வெகு காலம் தேடியும் அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிச் சென்று, அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து ஸர்வகலாசாலை ஒன்றில் அதன் சுருங்கிய ஆங்கில வடிவத்தைக் கண்டுபிடித்தார். நம் மொழியில், நம் ஊரார் ஒருவர் செய்த காரியத்தின் மிச்சத்தைக் கடல் கடந்து தேட வேண்டியதாயிற்று. படம் எடுப்பதைக் காட்டிலும் அதைக் காப்பாற்றுவது கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

செட்டியார் 1943-ல் ‘குமரி மலர்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கி, 1983-ல் காலமாகும் வரையில் அதனோடு வாழ்ந்தார். அதிலும் தம்மைப்பற்றி எழுதியது மிகச் சொற்பம். பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த பிறருடைய எழுத்துக்களைத் தேடி எடுத்து மறுபடியும் அச்சிட்டார். நூறாண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்நாட்டுப் பிரயாணக் கட்டுரைகளை 1968-ல் ஒரு நூலாகத் தொகுத்தார். பிலிம் சுருளைத் தேடிய அதே கண், இப்போது பழைய காகிதத்தைத் தேடிற்று. அவருடைய சொந்தப் புகைப்படங்கள் மிக அரிதாகவே காணக் கிடைக்கின்றன. உலகம் முழுவதும் காமிராவோடு சுற்றிய ஒருவர், அதன் முன்னால் நிற்க ஆசைப்படவில்லை!

அதே காலத்தில் காந்தியடிகளின் ஆசிரமத்தில் வேறோர் இளைஞர் காமிராவைக் கையில் எடுத்தார். அவர் மகாத்மாவின் உறவினரான கனு காந்தி. பிர்லா கொடுத்த நூறு ரூபாயைக்கொண்டு ஒரு ரோலிஃப்ளெக்ஸ் காமிரா வாங்கினார். படம் எடுக்க மகாத்மா அனுமதி கொடுத்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். கண்ணைக் கூசவைக்கும் பிளாஷ் விளக்கு கூடாது. ‘இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள்’ என்று கேட்கக் கூடாது. செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. படம் பிடிக்கப் பழகும் எந்தப் பிள்ளைக்கும் இம்மூன்றையும் முதற்பாடமாகச் சொல்லிவைக்கலாம். மூன்றாவது நிபந்தனை நம்முடைய குடும்பங்களுக்கு மிகவும் உகந்தது! இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டு கனு காந்தி 1948 வரையில் எடுத்த படங்களில், மகாத்மா தம்மை யாரோ பார்க்கிறார் என்ற நினைவே இல்லாமல் இருப்பதைக் காண்கிறோம்.

இனி நம்முடைய திருச்சுழிக்கு வருவோம். 1879 டிசம்பர் 30-ந் தேதி இங்கே பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவர், 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியானார். அவர் பிறந்த வீடு ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரோடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனால் திருமேனிநாதர் கோயில் வீதியில் ஓடி விளையாடிய அந்தச் சிறுவரின் படம் ஒன்றாவது நமக்கு உண்டா? இல்லை. நாம் காணும் படங்கள் எல்லாம் அவர் ஊரைவிட்டுப் போன பிறகு எடுக்கப்பட்டவை. அக்காலத்தில் சிறுவர் ஒருவரைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது இயல்பே.

அந்தப் பிற்காலப் படங்களில் பல, டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி என்ற சென்னை வைத்தியர் எடுத்தவை. அவர் தொழில் வைத்தியம். போட்டோ, ஓய்வுநேர ஆசை. அவர் திருவண்ணாமலைக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். மகரிஷி மலைப் பாதையில் நடப்பதையும், பிராணிகளைத் தடவிக்கொடுப்பதையும், வெறுமனே அமர்ந்திருப்பதையும் பல ஆண்டுகள் எடுத்தார். 1950 ஏப்ரலில் மகரிஷியின் இறுதி நாட்களில் உலகப் பிரசித்தி பெற்ற பிரெஞ்சுப் படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோனும் அங்கே வந்து படமெடுத்தார். வந்து போனவரின் படம் ஒரு தருணத்தைக் கொடுத்தது. பல ஆண்டுகள் போய்வந்தவரின் படங்கள் ஒரு வாழ்க்கையைக் கொடுத்தன. வளர்ச்சிக்கு நீண்ட தூரம் போவது ஒரு வழி. ஓர் இடத்துக்கே பல முறை போவது மற்றொரு வழி. இரண்டாவதற்குச் செலவு குறைவு. பொறுமை அதிகம் வேண்டும்.

அந்தப் பொறுமையை நம் கரிசல் பூமி வெகுவாகச் சோதிக்கும். வெளியூர்ப் படக்காரர்கள் இங்கே வந்தால் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாளம் பாளமாக வெடித்த கண்மாய்த் தரை. அதன் நடுவே நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்க்கும் கிழவர். அந்தப் படம் பொய்யன்று. சித்திரை வைகாசியில் நம் நிலம் அப்படித்தான் வெடிக்கிறது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாலு நாள் பெய்துவிட்டால், அதே கரிசல் பச்சைக் கம்பளம் விரிக்கிறது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் தலையாட்டுகின்றன. பருத்தியில் மஞ்சள் பூ விரிகிறது. மிளகாய்ப் பழம் தை மாசி கழிந்து களத்திலே காயும்போது பூமியே சிவந்துவிடுகிறது. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைக் காண ஜனங்கள் பாலத்தில் கூடி நிற்கிறார்கள். இவற்றை யார் படம் பிடிப்பது? மழைக்காலத்தில் வெளியூர்க்காரர் வரமாட்டார். இந்த ஊரில் இருப்பவரே அதைச் செய்ய வேண்டும். வறட்சியின் படம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டால், பிறர் நம்மைப் பரிதாபப்படத்தக்கவர்களாகவே அறிவார்கள். நாளடைவில் நம் குழந்தைகளும் அப்படியே நம்புவார்கள்.

வெளிச்சத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே நடுப்பகலில் எடுக்கும் படத்தில் தலைப்பாகையின் நிழல் முகத்தை மறைத்துவிடும், வானம் வெளுத்துப்போகும். அன்றியும், காமிராவுக்குள் இருக்கும் வெளிச்ச அளவுகோல் எதைப் பார்த்தாலும் பொதுவாக அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்கிடுகிறது. கரிய மண்ணைப் பார்த்தால், ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டும். அதனால் கரிசல் சாம்பல் பூத்துவிடும்; வெள்ளை வேஷ்டி சுண்ணாம்பாகிவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுத்தால் கரிசல் கரிசலாகவே விழும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வரும் சாய்ந்த வெயில் எல்லாவற்றிலும் உத்தமம். திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிலில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டைப் படமெடுக்க வேண்டுமானால், வெளிச்சம் நேராக விழும்போது எடுக்கக் கூடாது, எழுத்து மறைந்துவிடும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் தடவிச் செல்லும்போது, ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி, கல் பேசத் தொடங்கும்.

அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போடும் காட்சி முன்பு போல எல்லாத் தெருக்களிலும் இல்லை. விசைத்தறியின் சத்தம் மிகுந்து, கைத்தறியின் ஓசை தேய்ந்து வருகிறது. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் முதியவருக்கு ஒரு ஜன்னல் வெளிச்சந்தான் இருக்கும். அதுவே போதும்; பிளாஷ் வேண்டாம். ஆனால் வாசலிலிருந்தே கருவியை நீட்டிச் சொடுக்கிவிட்டு ஓடிவிடக் கூடாது. “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வணங்கிவிட்டு வர வேண்டும். சரி என்றால், உட்கார்ந்து நாலு பேச்சுக் கேட்க வேண்டும். எத்தனை வயதில் தறியில் இறங்கினார், என்ன ரகம் நெய்கிறார், பிள்ளைகள் இதைக் கற்றார்களா என்று தெரிந்துகொண்டபின் எடுக்கும் படம் வேறாக இருக்கும். நாடா எந்தக் கணத்தில் எந்தக் கைக்கு வரும் என்பதும் அதற்குள் கண்ணுக்குப் பழகிவிடும். படம் எடுத்தபின் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது கடமை. தேசிய உணர்ச்சி என்று நாம் பேசுவதெல்லாம், நம் வேஷ்டியை நெய்தவரின் பெயரைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவது நல்லது.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேப்ப மரம், ஒரு கல், ஏதாவது அடையாளம் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு நாள், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரே ஒரு படம் எடுங்கள். வருஷ முடிவில் பன்னிரண்டு படங்கள் சேரும். நீர் ஏறியதும் இறங்கியதும், சீமைக் கருவேல் பரவியதும், கொக்கு வந்ததும், மாடு மேய்ந்ததும் அவற்றில் இருக்கும். பத்து வருஷம் விடாமல் செய்தால், உங்கள் ஊர்த் தண்ணீரின் சரித்திரம் உங்களிடம் இருக்கும். வேறெங்கும் அது இராது. இதற்கு டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போக வேண்டியதில்லை. கண்மாய்க் கரைக்கு நூற்றிருபது முறை போனால் போதும்.

எடுத்ததைக் காப்பாற்றுவதிலும் கவனம் வேண்டும். செல்போன் கிணற்றில் விழுந்தால் அதிலுள்ள ஆயிரம் படங்களும் அதனோடு போய்விடுகின்றன. வருஷத்துக்கு இருபது படங்களையாவது தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் அச்சிட்டு, பின்புறத்தில் பென்ஸிலால் யார், எங்கே, எப்போது என்று எழுதி ஆல்பத்தில் சேர்த்துவையுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும். ஸ்ரீ செட்டியாரின் தமிழ்ப் படத்துக்கு நேர்ந்தது நம் வீட்டுப் படங்களுக்கும் நேராமல் இருக்க இதுதான் வழி.

அதற்கும் முன்னால், அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பரணிலோ, டிரங்குப் பெட்டியிலோ பழைய போட்டோக்கள் ஒரு கட்டு நம்மில் பலர் வீட்டில் இருக்கும். அருவித் திரைக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் யார் என்று நமக்குத் தெரியாது. வீட்டிலுள்ள பாட்டிக்கோ, பெரிய அத்தைக்கோ மட்டும் தெரியும். “இது யார் அப்பத்தா?” என்று கேட்டால், பெயர் மட்டுமல்ல, அந்தச் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்பது வரையில் சொல்லுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைக் கீழே இறக்கி அவர்கள் பக்கத்தில் வையுங்கள். ஒரு பென்ஸிலையும் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.